பசித்த பிள்ளையின் முகம் அறிந்தவர்



ஜூபிலி மலருக்குப் பங்குக் குரு எழுதினால் அது ஒரு புனிதரின் சரித்திரமாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருப்பீர்கள். நாமோ நம் விஸ்வநத்தத்திலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் பிறந்த பெருந்தலைவர் காமராசரை எடுத்துக்கொண்டோம். சிறு பிள்ளைகளின் மனதைக் குறித்து எழுத முற்பட்டபோது அவரைவிடப் பொருத்தமானவர் எவரும் நமக்குத் தோன்றவில்லை.

1903 ஜூலை 15ஆம் நாள், அன்று விருதுபட்டி என வழங்கிய விருதுநகரில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்றனர். தாய் ராஜா என்று அழைத்தார். இரண்டும் கூடிக் காமராஜ் ஆயிற்று. ஏறக்குறைய ஆறு வயதில் தந்தையை இழந்தார். தாயார் நகைகளை விற்று, அப்பணத்தை வியாபாரி ஒருவரிடம் கொடுத்து வைத்து, வரும் வட்டியில் குடும்பம் நடத்தினார்.

சிறுவன் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்து வைத்த பிடி அரிசியால் தாங்கப்பட்ட பள்ளி. அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. பிள்ளையார் சதுர்த்தியன்று மற்றப் பிள்ளைகள் முண்டியடித்துப் பிரசாதம் வாங்க, இவர் ஒதுங்கி நின்று கொஞ்சமே பெற்று வந்தார். பாட்டி காரணம் கேட்டதற்கு, எல்லாருக்கும் சமமாகக் கொடுக்க வேண்டியது ஆசிரியரின் பொறுப்பல்லவா என்ற கருத்தில் பதில் சொன்னாராம். ஒதுங்கி நிற்கும் பிள்ளையை மந்தபுத்தி என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். அவனுக்குள் ஒரு நியாயம் இருக்கிறது என்பது எத்தனை பேர் கண்ணுக்குத் தெரிகிறது?

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் ஜவுளிக்கடையில் அமர்ந்தார். பிறகு சுதந்திரப் போராட்டமும் நீண்ட சிறைவாசமும். அவற்றை நீங்கள் அறிவீர்கள்.

1954 ஏப்ரல் 13இல் முதலமைச்சரானார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த தொடக்கக் கல்வித் திட்டப்படி பாதி நாள் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில். அதை அவ்வாண்டே அவர் கைவிட்டார். பயணத்தின்போது ரெயில்வே கேட் அருகே மாடு மேய்த்த சிறுவனைப் பள்ளிக்குப் போகாதது ஏன் என்று வினவ, போனால் சோறு யார் தருவார் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் கதை வழங்குகிறது. 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அதற்குத் தோள் கொடுத்தார். செலவில் ஒரு பகுதியை ஊராரும் ஏற்றனர். பிடி அரிசியில் படித்தவருக்கு அந்த வழி புதிதன்று. பின்னர் சீருடையும் வந்தது. கிழிந்த சட்டைக்காரப் பிள்ளை வெட்கப்படாமல் பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதே அதன் உட்பொருள். பசியைவிட வெட்கம்தான் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விரட்டுகிறது என்பது நம் எண்ணம்.

ஆயினும் நம் வட்டாரத்தில் அவர் எண்ணியது முழுவதும் கைகூடவில்லை. 1970களிலும் 1980களிலும் விடியுமுன்னே தீப்பெட்டி ஆலை வண்டிகள் கிராமம் கிராமமாகப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றதை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல்தான் வந்தது. இன்று வேறொரு துயரம். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தைப்போல் ஒவ்வொரு வெடிவிபத்தும், ஆறு வயதில் தகப்பனை இழந்த காமாட்சிகளை விட்டுச் செல்கிறது. அப்பிள்ளை வகுப்பில் பேசாதிருக்கும், அல்லது காரணமின்றிப் பக்கத்துப் பிள்ளையை அடிக்கும். நாம் அதைக் குறும்பு என்கிறோம். அன்று விருதுபட்டியில் தாயும் பாட்டியும் இருந்தார்கள், ஊர் அரிசியும் இருந்தது. அப்படியிருந்தும் அந்தச் சிறுவனின் படிப்பு நழுவியது.

1975 அக்டோபர் 2இல் அவர் காலமானார். 2024இல் அவரது பிறந்த நாளன்றுதான் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

விருதுநகரில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. நம் மறைக்கல்விப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம். பஸ் செலவு பங்கினுடையது. யாரால் கட்ட முடியும், யாரால் முடியாது என்று பிள்ளைகள் முன்னிலையில் கேட்க வேண்டாம் என ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறோம்.