எல்லைக்கு அப்பாலிருந்து பம்பாயை எழுதிய மண்டோ

புதுதில்லி: 1954-ஆம் ஆண்டின் சிறந்த திரைப்படத்துக்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம், சோராப் மோடி இயக்கிய ‘மிர்ஸா காலிப்' படத்துக்கு வழங்கப்பட்டது. சுரையாவும் பாரத் பூஷணும் நடித்த அப்படத்தின் கதையை எழுதியவர் அப்போது இந்தியக் குடிமகன் அல்லர், உயிரோடும் இல்லை. பிரிவினைக்கு முன் எழுதிய கதையைப் பம்பாயில் விட்டுவிட்டு லாகூருக்குச் சென்ற சாதத் ஹசன் மண்டோ, 1955 ஜனவரி 18-ஆம் தேதி தமது 42-ஆவது வயதில் காலமானார்.

சிறுகதை ஆசிரியராகவே மண்டோ பெரிதும் அறியப்படுகிறார். ‘டோபா டேக் சிங்', ‘தண்டா கோஷ்த்', ‘கோல் தோ' ஆகிய கதைகளைத் தவிர்த்துவிட்டுப் பிரிவினை இலக்கியத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் வாழ்க்கையின் கடைசி ஏழு ஆண்டுகளில் அவர் இன்னொரு வேலையையும் செய்தார். தாம் பிரிந்து வந்த பம்பாய்த் திரையுலகின் மனிதர்களை, வேறொரு நாட்டில் அமர்ந்துகொண்டு ஒவ்வொருவராக எழுதினார். இந்தியத் திரைப்படத்தின் 1940-களைப் பற்றி அந்தத் துறைக்குள் இருந்தே எழுதப்பட்ட சாட்சியங்களில் அவற்றுக்கு இணையானவை மிகக் குறைவு.

பஞ்சாபின் லூதியானா மாவட்டத்தில் சம்ராலா அருகே 1912 மே 11-இல் காஷ்மீர வம்சாவளிக் குடும்பமொன்றில் மண்டோ பிறந்தார். தந்தை நீதித்துறையில் பணியாற்றியவர், கண்டிப்பு மிக்கவர். படிப்பில் மகனுக்கு நாட்டமில்லை. பிற்காலத்தில் உருது இலக்கியத்தின் முதன்மையான பெயர்களுள் ஒன்றாக ஆனவர், பள்ளித் தேர்வில் தோல்வி அடைந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. அமிர்தசரஸில் பத்திரிகையாளர் அப்துல் பாரியின் நட்பு அவரை எழுத்தின் பக்கம் திருப்பியது. மரண தண்டனைக்கு எதிரான விக்டர் ஹியூகோவின் நூலை உருதுவில் மொழிபெயர்த்து 1933-இல் வெளியிட்டார். ஜாலியன் வாலாபாக் படுகொலையின் நிழலில் எழுதப்பட்ட ‘தமாஷா' அவரது முதல் கதை.

1936-இல் பம்பாய் சென்ற மண்டோ, ‘முசவ்விர்' என்ற திரைப்பட வார இதழின் ஆசிரியரானார். ஆர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனம் 1937-இல் வெளியிட்ட ‘கிசான் கன்யா' என்ற வண்ணப்படத்துக்குக் கதை அவருடையது. 1941-இல் தில்லி அவரை அழைத்தது. அகில இந்திய வானொலியின் உருதுப் பிரிவில் கிருஷன் சந்தர், உபேந்திரநாத் அஷ்க் ஆகியோருடன் பணியாற்றிய அவர், ஒன்றரை ஆண்டுக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதிக் குவித்தார். முதல் குழந்தையான மகன் ஆரிஃப் இறந்ததும் தில்லியில்தான். தமது நாடகத்தில் பிறர் கைவைத்துத் திருத்தியதைப் பொறுக்காமல், 1942-இல் வானொலி வேலையை உதறிவிட்டுப் பம்பாய் திரும்பினார்.

அடுத்த ஐந்தாண்டுகள் அவர் வாழ்வின் செழிப்பான காலம். எஸ். முகர்ஜியும் அசோக் குமாரும் தொடங்கிய ஃபிலிமிஸ்தான் நிறுவனத்தில் கதாசிரியராகச் சேர்ந்தார். ‘சல் சல் ரே நவ்ஜவான்', ‘ஆட் தின்', ‘ஷிகாரி' ஆகிய படங்களுக்கு எழுதினார். ‘ஆட் தின்' படத்தில் மனநிலை பிறழ்ந்த ராணுவ அதிகாரியாக நடித்தும் இருக்கிறார். நட்சத்திரங்களை அவர் பார்த்தது ரசிகனின் இருக்கையிலிருந்து அல்ல. கூலி வாங்கும் தொழிலாளியாக, உடன் குடிப்பவராக, சில வேளைகளில் கடன் கேட்பவராக. பிற்காலத்து எழுத்தின் வலு அங்கேதான் இருக்கிறது.

1947-இல் அசோக் குமாருடன் பாம்பே டாக்கீஸுக்கு மாறினார். அங்கே முஸ்லிம் கலைஞர்கள் பலர் பணியில் இருந்தனர். அவர்களை வெளியேற்றாவிட்டால் நிறுவனத்துக்குக் கேடு நேரும் என மிரட்டல் கடிதங்கள் வந்தன. அசோக் குமார் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. மண்டோவால் அப்படி இருக்க முடியவில்லை. அதே வேளையில் இஸ்மத் சுக்தாய், கமால் அம்ரோஹி ஆகியோரின் கதைகள் படமாகத் தேர்வாக, அவருடைய கதை ஒதுக்கப்பட்டது. வகுப்புவாதத்துக்கு அஞ்சி நாடு துறந்தவர் என்று ஒரே வரியில் முடிப்பது எளிது. தொழிலில் ஏற்பட்ட மனக்காயத்துக்கும் அம்முடிவில் பங்குண்டு என்பதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

நெருங்கிய நண்பரான நடிகர் ஷியாமுடனான ஓர் உரையாடலும் அவரை உலுக்கியது. ராவல்பிண்டியிலிருந்து தப்பி வந்த சீக்கியக் குடும்பத்தினர் தாங்கள் பட்ட கொடுமைகளை விவரித்தபோது இருவரும் உடனிருந்தனர். அக்கணத்தில் தம்மைக் கொல்லத் தோன்றியதா என்று மண்டோ பின்னர் கேட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கொன்றிருக்கக்கூடும் என்று ஷியாம் ஒப்புக்கொண்டார். 1948 ஜனவரியில் மண்டோ கப்பலேறியபோது துறைமுகத்துக்கு வந்து வழியனுப்பியவரும் அதே ஷியாம்தான். 1951-இல் படப்பிடிப்பின்போது குதிரையிலிருந்து விழுந்து ஷியாம் இறந்த செய்தி லாகூருக்கு எட்டியது. அதன்பின் மண்டோ எழுதிய நினைவுக் கட்டுரை, பிரிவினையைப் பற்றி அவர் எழுதிய கதைகளுக்குச் சிறிதும் குறைந்ததல்ல.

லாகூரில் வரவேற்பு ஏதும் காத்திருக்கவில்லை. கலவரத்தால் அங்கே படத்தொழில் நிலைகுலைந்திருந்தது. அவர் எழுதிய ‘பேலி' படமும் ஓடவில்லை. அரசு ‘தண்டா கோஷ்த்' கதைக்காக ஆபாச வழக்குத் தொடுத்தது. கீழ்நீதிமன்றம் மூன்று மாதக் கடுங்காவலும் 300 ரூபாய் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தது. அரசு மீண்டும் முறையிட, உயர் நீதிமன்றம் அபராதத்தை உறுதி செய்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் மூன்று, பாகிஸ்தானில் மூன்று என அவர் எதிர்கொண்ட ஆபாச வழக்குகள் ஆறு. எதிர்ப்பு அரசிடமிருந்து மட்டும் வரவில்லை. பாகிஸ்தானின் முற்போக்கு எழுத்தாளர்களும் அவரைப் புறக்கணித்தனர். சாட்சி சொல்ல வந்த கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ், கதை ஆபாசமல்ல என்று கூறிவிட்டு, உயர்ந்த இலக்கியத்தின் தரத்தை அது எட்டவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

குடிப்பழக்கம் முற்றியது. அதிலிருந்து மீள்வதற்காக மனநல மருத்துவமனையிலும் சேர்க்கப்பட்டார். மனைவி சஃபியாவையும் மூன்று மகள்களையும் காக்க வேண்டிய நிலையில், நாள்தோறும் எழுதி அன்றைய கூலியை அன்றே வாங்கினார். இந்த நெருக்கடியில்தான் திரையுலகச் சித்திரங்கள் லாகூர் நாளிதழ் ‘ஆஃபாக்'கில் வெளிவரத் தொடங்கின. 1952-இல் அவை ‘கஞ்சே ஃபரிஷ்தே' என்ற நூலாயின. மொட்டைத் தலைத் தேவதூதர்கள் என்பது அத்தலைப்பின் பொருள். இறந்தவர் அனைவரையும் உத்தமர்களாக்கும் வழக்கத்தை ஏற்க மறுத்த அவர், தம் கையில் அகப்பட்ட தேவதூதர்களின் தலையை மழித்துவிட்டதாகவே கருதினார். அடுத்த தொகுதியான ‘லவுட்ஸ்பீக்கர்' 1955-இல் வந்தது.

அசோக் குமார் பற்றிய கட்டுரையில் ஒரு காட்சி வருகிறது. கலவர நாட்களில் காரில் செல்லும் இருவரும் முஸ்லிம்கள் வாழும் பகுதிக்குள் நுழைந்துவிடுகின்றனர். எதிரே திருமண ஊர்வலம். இந்துவான நண்பருக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என மண்டோ நடுங்குகிறார். கூட்டமோ நடிகரை அடையாளம் கண்டு ஆரவாரம் செய்கிறது. இளைஞர்கள் முன்வந்து, அண்ணன் என்று அழைத்து, செல்ல வேண்டிய சந்தைக் காட்டுகின்றனர். அசோக் குமாருக்கு அச்சமே இல்லை. அச்சம் முழுவதும் மண்டோவுடையது. அதை அவர் ஒளிக்கவும் இல்லை.

நர்கிஸ் பற்றிய கட்டுரை வேறு தொனியில் அமைந்தது. மண்டோவின் மனைவியின் தங்கைகள் பெயர் சொல்லாமல் தொலைபேசியில் விளையாட்டாகப் பேசிப் பேசியே நர்கிஸுடன் தோழமை கொள்கின்றனர். படவுலகுக்கு வெளியே தோழிகள் இல்லாத அந்தப் பெண்ணின் தனிமை, சிரிப்புக்கிடையே வெளிப்படுகிறது. வசனம் நினைவில் நில்லாமல் படச்சுருளைத் தீர்த்த நகைச்சுவை நடிகர் வி.எச். தேசாய், ‘ஃபிலிம் இந்தியா' ஆசிரியர் பாபுராவ் படேல், நசீம் பானு, நூர்ஜஹான், சிதாரா தேவி என வரிசை நீள்கிறது.

எல்லாவற்றையும் பாராட்டிவிட முடியாது. சிதாரா, பாரோ தேவி ஆகியோரைப் பற்றிய பக்கங்களில் படுக்கையறை வம்பும் ஆண்களின் ஏளனமும் மிகுதி. ஆண்களிடம் காட்டிய பரிவில் பாதியைக்கூட அவர்களுக்கு அவர் தரவில்லை. விபசாரத் தெருவின் பெண்களைக் கதைகளில் அத்தனை கண்ணியத்தோடு எழுதியவரிடம் இக்குறை கூடுதலாகவே உறுத்துகிறது.

அரசியல் நோக்கில் துணிச்சலானது ஜின்னா பற்றிய ‘மேரா சாஹிப்'. ஜின்னாவிடம் கார் ஓட்டுநராக இருந்து பின்னர் நடிகரான ஹனிஃப் ஆஸாதின் நினைவுகளைக் கொண்டு அது எழுதப்பட்டது. மேடையில் தெரிந்த தலைவர் அதில் இல்லை. பிடிவாதமும் தனிமையும் கொண்ட ஒரு முதியவர் இருக்கிறார். மறைந்த மனைவியின் ஆடைகளும் பார்சி இளைஞரை மணந்து பிரிந்த மகளின் ஆடைகளும் வைத்த இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அவற்றைப் பார்த்தபடி மௌனமாக நிற்கிறார். நாட்டை நிறுவியவர் மறைந்து சில ஆண்டுகளே ஆன பாகிஸ்தானில் இது வெளியானது. நீதிமன்றம் இழுத்தது கதைகளுக்காகவே. இதற்காக அல்ல என்பது வியப்புக்குரியது.

லாகூரின் மியானி சாஹிப் இடுகாட்டில் மண்டோ அடக்கம் செய்யப்பட்டார். இந்தியாவில் அவரது எழுத்துகளை தில்லியின் ராஜ்கமல் பதிப்பகம் 1993-இல் ‘தஸ்தாவேஜ்' என்ற பெயரில் ஐந்து தொகுதிகளாக இந்தியில் கொண்டுவந்தது. திரையுலகச் சித்திரங்கள் காலித் ஹசனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் 1998-இல் பரவலாகச் சென்றடைந்தன. பாகிஸ்தான் அரசு 2005-இல் அஞ்சல் தலை வெளியிட்டது. 2012-இல் உயரிய விருதான நிஷான்-இ-இம்தியாஸை அறிவித்தது. நந்திதா தாஸ் அவரது வாழ்க்கையைத் தழுவி எடுத்த ‘மண்டோ' 2018-இல் இந்தியாவில் வெளியானது. பாகிஸ்தானில் அப்படத்தைத் திரையிடத் தணிக்கைக் குழு அனுமதி மறுத்துவிட்டது.