பிக்சல் என்றால் என்ன? ஆலங்காயம் பக்கத்து மலையில் ஒளியை அளந்த வைனு பாப்புவின் கதை

மொட்டை மாடியில் நின்று செல்போனில் நிலாவைப் படம் எடுத்திருப்பீர்கள். பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். சுற்றியிருக்கும் கறுப்பு வானத்தில் மணல் தூவின மாதிரி புள்ளிகளும் இருக்கும். அந்தக் கட்டம்தான் பிக்சல். அந்த மணலுக்குப் பெயர் நாய்ஸ்.

இந்த இரண்டையும் புரிந்துகொள்ள, திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்தில் இருந்து ஜவ்வாது மலைக்குள் கொஞ்ச தூரம் போகலாம். அங்கே காவலூரில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. அதற்கு அந்த இடத்தைத் தேடிப் பிடித்தவர் வைனு பாப்பு.

1927 ஆகஸ்ட் 10-ம் தேதி சென்னையில் பிறந்தவர். பூர்வீகம் தலச்சேரி. அப்பாவுக்கு ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. அதனால் மற்ற பிள்ளைகள் பந்து விளையாடிய வயதில் இவருக்குத் தொலைநோக்கி கிடைத்தது. பிறகு அமெரிக்காவின் ஹார்வர்டு. 1949-ல், மாணவராக இருந்தபோதே, ஒரு புகைப்படத் தகட்டில் புது வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்கு பாப்பு-பாக்-நியூகிர்க் என்று பெயர்.

கவனியுங்கள், தகடு. அப்போது பிக்சல் கிடையாது. கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனத்தின் மேல் ஒளி பட்டால் அந்த இடம் கறுக்கும், அவ்வளவுதான். ஆனால் பாப்பு அந்தக் கறுப்பை அழகு பார்க்கவில்லை, அளந்தார். ஒலின் வில்சனுடன் சேர்ந்து அவர் 1957-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் வில்சன்-பாப்பு விளைவு என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சில வகை நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் படமாக்கினால் அதில் கால்சியம் உண்டாக்கும் ஒரு கோடு தெரியும். அதன் அகலத்தை அளந்தால் அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடும். அதிலிருந்து தூரத்தையும் கணக்கிடலாம். ஒரு கோட்டின் அகலத்தில் இவ்வளவு சேதி!

அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். நைனிடாலில் வானாய்வகம் அமைத்துவிட்டு, 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் ஆனார். சூரியனைப் பார்க்கப் பேர்போன இடம் அது. இரவு வானத்துக்கு மேகமும் பனிமூட்டமும் விடாது. அப்படித் தேடிக் கண்டதுதான் காவலூர். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 725 மீட்டர் உயரம், சுற்றிலும் காடு, பெரிய ஊர்களின் வெளிச்சம் இல்லாத இருட்டு. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1972-ல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது காவலூரின் பதிவும் அதற்குச் சாட்சி. சுவாரஸ்யம் என்னன்னா, அது படமே இல்லை. ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் சில நொடிகள் மங்கி மீண்ட கணக்கு மட்டும்தான்.

டிஜிட்டல் படமும் அடிப்படையில் கணக்குதான். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பாயில், ஸ்மித் இருவரும் சிசிடி என்ற சில்லை உருவாக்கினார்கள். அதை வரிசை வரிசையாக வைத்த குட்டி உண்டியல்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒளி விழ விழ உண்டியல் நிறையும். நேரம் முடிந்ததும் திறந்து எண்ண வேண்டும். ஒவ்வொரு உண்டியலின் எண்ணிக்கையும் ஒரு பிக்சல். இரவில் காசு குறைவாக விழுவதால் எண்ணிக்கை ஏறி இறங்கும். அதுதான் நாய்ஸ். தெருவிளக்கு வெளிச்சம் வேறு உண்டியலில் விழுந்தால் நட்சத்திரத்தின் காசு எது என்று பிரிப்பது கஷ்டம். இருட்டைத் தேடி பாப்பு ஏன் மலையேறினார் என்று இப்போது புரியும்.

உண்டியலுக்கு நிறம் தெரியாது. முன்னால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி வைத்துத்தான் நிறம் பிரிக்கிறோம். வெப் டிசைனில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை எண். 255, 0, 0 என்றால் சுத்தமான சிவப்பு. 4000-க்கு 3000 அளவுள்ள படத்தில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல், பிக்சலுக்கு மூன்று எண், ஆகச் சுமார் 36 எம்பி. இதை அப்படியே இணையப் பக்கத்தில் போட்டால் படிப்பவர் டேட்டா காலி. அதனால் ஜேபெக், கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைத் தூக்கிப்போட்டு எடையைக் குறைக்கிறது. எழுத்தும் கோடுமாக இருக்கும் லோகோவை அதில் சேமித்தால் ஓரம் அழுக்காகும். அதற்கு எதையும் இழக்காத பிஎன்ஜி சரி. எங்கள் டெஸ்க்கில் படத்தை ஏற்றும் முன் முதல் வேலையே அகலத்தைக் குறைப்பதுதான். ஒரிஜினலை மட்டும் தனியாகப் பத்திரப்படுத்துவோம், தூக்கிப்போட்டது திரும்ப வராதே.

அளக்க வேண்டியவர்களுக்கு அந்த நுணுக்கம்தான் சொத்து. அவர்களுக்காக வந்த கோப்பு வகை ஃபிட்ஸ். எண்ணிக்கையை மாற்றாமல் வைத்திருக்கும், எப்போது, எத்தனை நொடி, எந்தத் தொலைநோக்கியில் எடுத்தது என்பதையும் கோப்பின் தலைப்பிலேயே சொல்லும். சர்வதேச வானியல் ஒன்றியம் 1982 ஆகஸ்டில் கிரீஸின் பட்ராஸ் நகரில் கூடியபோது இதை ஏற்றுக்கொண்டது. 1979 முதல் அந்த ஒன்றியத்தின் தலைவர் பாப்புதான். ஆனால் அவர் அங்கே இல்லை. இதய சிகிச்சைக்காக ஜெர்மனியின் மியூனிக் போனவர், கூட்டம் நடந்துகொண்டிருந்த ஆகஸ்ட் 19-ம் தேதி இறந்துபோனார். வயது 55.

அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அப்போது பாதியில் நின்றிருந்தது. பெங்களூருவில் ஆடி தேய்க்கும் வேலையைச் சகாக்கள் முடித்தார்கள். ஆடி பெரிதாக இருந்தால் உண்டியலின் வாயும் பெரிது. 1986 ஜனவரி 6-ம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி காவலூர் வந்து, தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைனு பாப்பு பெயரைச் சூட்டினார். சிசிடி கேமரா அதற்குப் பிறகுதான் அதில் பொருத்தப்பட்டது. தகட்டை வைத்து வாழ்நாளெல்லாம் ஒளியை அளந்தவர், தன் தொலைநோக்கி எடுத்த ஒரு டிஜிட்டல் படத்தைக்கூடப் பார்க்கவில்லை.