கஞ்சிக் கலயத்தில் வந்த இறைபராமரிப்பு



வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் புறப்படும் ஒவ்வொரு படகும் ஒரு கணக்கைச் சுமந்துகொண்டே செல்கிறது. எரிபொருளுக்கு இவ்வளவு, பனிக்கட்டிக்கு இவ்வளவு, கடலில் தங்கும் நாள்களுக்கான உணவுக்கு இவ்வளவு. மீன் அகப்படுமா என்பது மட்டும் அந்தக் கணக்கில் எழுதப்படுவதில்லை. கரையில் காத்திருக்கும் தாய்க்கு வேறொரு கணக்கு உண்டு. கிழமைதோறும் கட்டவேண்டிய நுண்கடன் தவணை, அடகிலிருக்கும் நகையின் வட்டி, பிள்ளைகளின் பாடசாலைச் செலவு என்று அது நீளும். வயலை நம்பியிருப்போரும் அவ்வாறே. பெரும்போகத்து மழை தவறினாலும் துன்பம், மிகுந்தாலும் துன்பம்.

இம்மண்ணின் மக்களுக்கு இந்தக் கவலை புதியதன்று. 1978ஆம் ஆண்டின் சூறாவளி, நீண்ட போர், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, 2022ஆம் ஆண்டில் நாட்டையே உலுக்கிய பொருளாதார நெருக்கடி என ஒன்றன்பின் ஒன்றாக வந்த துயரங்கள் பல குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்துவிட்டன. கடதாசி ஆலையின் ஊதியத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள், ஆலை முடங்கியபோது பட்ட பாட்டை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

இத்தகைய வேளைகளில் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நாம் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்கிறோம். அந்தச் சொற்களுக்கு உண்மையான பொருள்தான் என்ன? கைகட்டி இருந்தாலும் பணம் வந்து சேரும் என்பதா? அதிகம் செபித்தால் கடன் தானாகத் தீரும் என்பதா? இக்கேள்விகளுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்த ஒருவரை இவ்வாரம் உங்களுடன் சேர்ந்து நினைத்துப் பார்க்க விரும்புகிறேன். அவர்தாம் இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித யோசப் வாஸ் அடிகளார்.

யோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தார். பக்தியும் மதிப்பும் மிக்க குடும்பம் அவருடையது. கல்வியில் சிறந்து விளங்கிய அவர் 1676ஆம் ஆண்டு குருவாக அருட்பொழிவு பெற்றார். விரும்பியிருந்தால் கோவாவிலேயே நல்லதொரு பங்கில் மறையுரைகளாற் பெயர் பெற்று, குறைவின்றி வாழ்ந்திருக்கலாம். ஆனால் கடலுக்கு அப்பாலிருந்த ஒரு தீவின் நிலை அவரது உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதோடு இலங்கையின் கரையோரங்களில் போர்த்துக்கேயர் ஆட்சி முடிவுற்றது. கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அங்கே திருப்பலி இல்லை, ஒப்புரவு அருட்சாதனம் இல்லை, இறக்கும் தறுவாயில் நோயிற்பூசுதல் வழங்கவும் ஆளில்லை. தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்த செபங்களும், மறைத்துவைத்த செபமாலைகளுமே விசுவாசத்தைக் காத்து வந்தன.

அம்மக்களிடம் செல்ல யோசப் வாஸ் அடிகளார் முடிவு செய்தார். கன்னட நாட்டில் சில ஆண்டுகள் மறைப்பணியாற்றியபின், 1685ஆம் ஆண்டு கோவாவில் ஒரு குருக்கள் குழுவில் இணைந்து, அதனை ஓரட்டோரியன் சபையாக உருப்பெறச் செய்து அதன் தலைவராகவும் விளங்கினார். ஆனால் அப்பதவியில் நிலைத்திருக்க அவர் விரும்பவில்லை. 1686ஆம் ஆண்டு, யோவான் என்னும் உதவியாளர் ஒருவரை மட்டும் துணையாகக் கொண்டு புறப்பட்டார்.

அன்பர்களே, அப்பயணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவருக்குப் பின்னால் அரசின் ஆதரவு இல்லை. செல்லும் இடத்தில் வரவேற்க ஆலயமில்லை. பிடிபட்டால் சிறை. குருவின் உடையைக் களைந்து, கூலியாளைப்போல் எளிய ஆடை உடுத்தி, திருப்பலிக்குத் தேவையானவற்றை மறைத்து எடுத்துக்கொண்டு, தூத்துக்குடிக் கரையிலிருந்து கடல் கடந்து 1687ஆம் ஆண்டு அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்.

வந்தவரை வரவேற்றது நோய்தான். கடற்பயணத்தின் துன்பமும் பசியும் சேர்ந்து கடுமையான வயிற்றுளைச்சலில் அவரைத் தள்ளின. யோவானும் நோயுற்றார். முகமறியாத ஊரில், கையில் பொருளின்றி, கேட்பாரற்று இருவரும் கிடந்தனர். தொற்றுநோய்க்கு அஞ்சி மக்கள் விலகிச் சென்றனர். முப்பது ஆண்டுகளாகக் குருவுக்காக ஏங்கிய மக்களின் நடுவிலேயே, குரு ஒருவர் வந்திருப்பதை எவரும் அறியாமல் அவர் இறந்துவிடக்கூடிய நிலை.

அந்நேரத்தில் வானம் திறக்கவில்லை. தங்கக்காசுகள் பொழியவுமில்லை. இரக்கமுள்ள பெண்ணொருத்தி வந்தாள். அவர்கள் யாரென்று அவள் அறியாள். நாள்தோறும் சிறிது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கஞ்சியால் உயிர் தங்கியது. உயிர் தங்கியதால் இலங்கைத் திருச்சபை மீண்டும் எழுந்தது. அப்பெண்ணின் பெயரை வரலாறு நமக்குச் சொல்லவில்லை. ஆனால் இலங்கைத் திருச்சபையின் மறுமலர்ச்சி வரலாற்றில் அவளது கஞ்சிக் கலயத்துக்கு ஓர் இடம் உண்டு.

திருவிவிலியத்தில் சாரிபாத்துக் கைம்பெண்ணை நாம் அறிவோம். பஞ்ச காலத்தில், கடைசிப் பிடி மாவைத் தனக்கும் மகனுக்கும் சமைக்க இருந்தவளிடம் இறைவாக்கினர் எலியாவை ஆண்டவர் அனுப்பினார். செல்வர் வீட்டுக்கு அனுப்பவில்லை. இல்லாதவளின் வீட்டுக்கே அனுப்பினார். இறைபராமரிப்பு பெரும்பாலும் இவ்வழியிலேயே வருகிறது. இறைவன் நம்மைக் காக்க மனிதக் கைகளைத் தேடுகிறார். சில நாள்களில் நாம் கஞ்சி பெறுகிறவர்கள். சில நாள்களில் கஞ்சி கொண்டுசெல்லும் கை நம்முடையது. நமது நெருக்கடியின் நடுவே இந்த இரண்டாவது அழைப்பைத்தான் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

நலமடைந்த அடிகளார் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். உணவுக்காக மட்டும் அவர் கையேந்தவில்லை. செபமாலையைக் கண்டு முகம் மலர்கிறவர் யார், கண் கலங்குகிறவர் யார் என்று கவனித்தார். அவ்வாறே கத்தோலிக்கரை இனங்கண்டார். பின்னர் சில்லாலையில் தங்கி, இரவு வேளைகளில் மக்களைச் சந்தித்துத் திருவருட்சாதனங்களை வழங்கினார்.

அதற்குரிய விலையை மக்களும் கொடுக்க நேர்ந்தது. 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா இரவில் யாழ்ப்பாணத்தில் திருப்பலிக்காகக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தப் படையினர் சூழ்ந்துகொண்டனர். ஏறத்தாழ 300 பேர் பிடிபட்டனர். பலருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. முக்கியமானோர் சிலர் கொடிய கசையடிக்கு ஆளாயினர். அவர்களுள் ஒருவர் அந்த வதையாலேயே உயிர் நீத்தார். அடிகளார் அவர்களது கையில் அகப்படாமல் தப்பினார். விசுவாசம் என்பது இலாபம் தரும் வாணிகம் என்று எண்ணியிருந்தால் அம்மக்கள் அன்றே அதைக் கைவிட்டிருப்பர். தம் பணத்தையும் உடலையும் இழந்தும் அவர்கள் இறைவனை இழக்க விரும்பவில்லை.

அங்கிருந்து புத்தளம் சென்று பணியாற்றிய அடிகளார், 1692ஆம் ஆண்டு கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தார். அங்கே போர்த்துக்கேய ஒற்றர் என்று பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். இங்கும் அவரது நம்பிக்கையின் தன்மையை நாம் கவனிக்கவேண்டும். சிறையில் அவர் விடுதலைக்காகச் செபித்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சிங்கள மொழியைக் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்தபோது சிறு குடிலொன்றை அமைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். அங்கிருந்த கத்தோலிக்கர் மெல்ல மெல்ல அவரைத் தேடி வந்தனர். கதவு திறக்கும்வரை காத்திருக்கும் நாள்களையும் அவர் பணிநாள்களாக்கினார்.

1693ஆம் ஆண்டு கண்டியில் மழை பொய்த்தது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அடிகளாரையும் செபிக்கும்படி கேட்டுக்கொண்டதாகவும், அவர் திறந்த வெளியில் பீடமமைத்துச் சிலுவையை நாட்டி மன்றாடியபோது பெருமழை பெய்ததாகவும் திருச்சபையின் மரபு கூறுகிறது. அதன்பின் மறைப்பணி செய்யும் உரிமையை மன்னன் அவருக்கு வழங்கினான். மன்னன் பௌத்தன். அடிகளாரோ அயல்நாட்டுக் கத்தோலிக்கக் குரு. எனினும் ஒல்லாந்தக் கிறிஸ்தவர்கள் துரத்திய அவருக்குப் பாதுகாப்புத் தந்தது அந்தப் பௌத்த அரசே. இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் அடுத்தடுத்து வாழும் வாழைச்சேனையில் இதன் பொருள் நமக்கு நன்கு விளங்கும். இறைவன் அனுப்பும் உதவிக்கரம் எந்த வீட்டிலிருந்தும் நீளலாம்.

1697ஆம் ஆண்டு கண்டியில் பெரியம்மை பரவியது. அஞ்சியவர்கள் நோயாளரை விட்டுவிட்டு ஓடினர். அடிகளாரும் அவருடைய உறவினரான யோசப் கார்வாலோ அடிகளாரும் ஓடவில்லை. கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று உணவளித்தனர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். இவர் எம்மதத்தவர் என்று அவர்கள் பார்க்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் நோயுற்றுக் கிடந்தபோது பெற்ற கஞ்சியை, இப்போது கண்டியில் பலமடங்காகத் திருப்பிக் கொடுத்தார் அவர்.

கோவாவிலிருந்து துணைக்குருக்கள் வரத்தொடங்கினர். 1705ஆம் ஆண்டு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் படைத்து மக்களின் விசுவாசத்தை வளர்த்தார். யோசப் வாஸ் அடிகளாரோ கால்நடையாகவே தீவெங்கும் சென்றார். கிழக்கே திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளிலும் அவரது பணி எட்டியது. உயர்பதவி தேடி வந்தபோதும் அதை ஏற்காது எளிய மறைப்பணியாளராகவே இருந்தார். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியில், தம் 59ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் வந்தபோது குரு ஒருவரும் இல்லாதிருந்த தீவில், அவர் விடைபெற்றபோது உறுதியான ஒரு திருச்சபை இருந்தது. 1995ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அன்பார்ந்தவர்களே, இறைவனை இவ்வளவு நம்பிய இப்புனிதர் செல்வராக இறக்கவில்லை. ஆகவே நம்பினால் பொருள் பெருகும் என்று எவரேனும் உங்களுக்கு உறுதி கூறினால் அவரது வாழ்வை எண்ணிக்கொள்ளுங்கள். நம்பிக்கை இறைவனோடு செய்யும் பேரமன்று. நாளை என்ன நேர்ந்தாலும் அவர் நம்மைக் கைவிடார் என்று அறிந்து, இன்றைய கடமையை அச்சமின்றிச் செய்வதே நம்பிக்கை. பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு அந்தந்த நாளுக்குரிய மன்னாவே கொடுக்கப்பட்டது. ஆண்டவர் கற்றுத்தந்த செபத்திலும் அன்றாட உணவையே நாம் வேண்டுகிறோம்.

அப்படியாயின் நம் வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன? முதலாவதாக, கணக்கை ஒளிவுமறைவின்றிப் பாருங்கள். மனைவிக்குத் தெரியாமல் கணவனும், கணவனுக்குத் தெரியாமல் மனைவியும் வாங்கிய கடன்கள் எத்தனையோ குடும்பங்களின் அமைதியைக் குலைத்திருக்கின்றன. இரவுச் செபத்தின்பின் இருவரும் சேர்ந்து வரவையும் செலவையும் கடனையும் ஒரு தாளில் எழுதுங்கள். உண்மையை எதிர்கொள்வதும் ஒரு விசுவாசச் செயலே. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குமுன், நன்கறிந்த ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள்.

இரண்டாவதாக, பிறர் கண்ணுக்காகக் கடன்படாதீர்கள். திருமணமோ, பூப்பு நீராட்டோ, முதல் நற்கருணை விருந்தோ, ஒருநாள் சிறப்புக்காகப் பல ஆண்டு வட்டி கட்டுவது பிள்ளைகளின் நாளைய உணவை இன்றே செலவிடுவதாகும். யோசப் வாஸ் அடிகளார் கூலியாளின் ஆடையை அணிய நாணவில்லை. எளிமையாய் இருக்க நாமும் நாணவேண்டாம்.

மூன்றாவதாக, உதவி கேட்கத் தயங்காதீர்கள். புனிதரே கையேந்தினார். கடனாலும் அவமானத்தாலும் மனமுடைந்து, இனி வழியில்லை என்று இருளான எண்ணங்களுக்கு இடங்கொடுக்கும் எவரும் இந்தப் பத்தியைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து இன்றே ஒருவரிடம் மனந்திறந்து பேசுங்கள். உங்கள் பங்குத்தந்தையிடமோ, அருட்சகோதரியிடமோ, நம்பிக்கைக்குரிய அயலவரிடமோ சொல்லுங்கள். எந்தக் கடனும் உங்கள் உயிரைவிடப் பெரிதன்று.

நான்காவதாக, கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். குறைவு வரும்போது கையை மூடிக்கொள்ளத் தோன்றும். அரிசிப் பானையில் கைவைக்கும்போது ஒரு பிடியை வேறாக எடுத்து வைக்கும் பழக்கம் நம் பாட்டிமாரிடம் இருந்தது. அந்தப் பிடியரிசி இன்றும் பசித்த அயல்வீட்டாரைத் தாங்கும். படகு திரும்பாத வீடு எது, வேலையிழந்த வீடு எது என்று உங்கள் ஒழுங்கையிலேயே தேடிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் கஞ்சி கொடுத்த அப்பெண், தான் ஒரு புனிதரைக் காப்பாற்றுவதாக எண்ணியிருக்கமாட்டாள். பசித்த இருவருக்கு உணவு கொடுப்பதாகவே எண்ணியிருப்பாள். இன்று உங்கள் கலயத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஆண்டவர் அறிவார். அதில் ஒரு பங்கு யாருக்குரியது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

புனித யோசப் வாஸ் அடிகளாரின் பரிந்துரையால், கடலையும் வயலையும் நாட்கூலியையும் நம்பி வாழும் உங்கள் இல்லங்களுக்கு அன்றாட உணவையும், அச்சமற்ற உள்ளத்தையும், பகிர்ந்தளிக்கும் கைகளையும் இறைவன் தந்தருள்வாராக. ஆமென்.