சரணடைந்த தளபதி

வென்றவன் வரலாற்றை வெற்றித் தூண்களே பேசும். வீழ்ந்தவன் வரலாற்றை யாரேனும் எடுத்துச் சொன்னால்தான் உண்டு. இன்று வீழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லப் புகுகிறோம். அதிலே ஆள்வோருக்கும் பாடம் உண்டு. ஆணைக்குக் கட்டுப்பட்டு உழைப்போருக்கும் பாடம் உண்டு.

மானுவேல் அந்தோனியோ வசாலோ எ சில்வா! போர்ச்சுகல் நாட்டின் டோரஸ் நோவாஸ் நகரிலே 1899ஆம் ஆண்டு பிறந்தவர். படையின் பொறியாளர் பிரிவிலே வளர்ந்து தளபதியானவர். அவருடைய தமக்கை மரியா லாமாஸ், எழுத்தாளர், பெண்ணுரிமைக்காகக் குரல் கொடுத்தவர், சர்வாதிகாரி சலசாரை எதிர்த்துச் சிறை புகுந்தவர். தம்பியோ, அதே சலசாரின் ஆளாக 1958ஆம் ஆண்டு கோவாவின் கவர்னர் ஜெனரல் பதவியில் அமர்ந்தார். ஒரே வீட்டிலே பிறந்த இருவர். ஒருவருக்குச் சிறைக்கூடம், மற்றவருக்கு மாளிகை!

அந்த மாளிகை யாருடையது? 1510ஆம் ஆண்டு அல்புகர்க் வாள்முனையிலே பறித்த மண்ணின்மீது எழுந்தது. உரிமை கேட்டு வெறுங்கையுடன் எல்லையைக் கடந்த அறப்போர் வீரர்கள் 1955 ஆகஸ்ட் 15 அன்று சுடப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில்வா வருமுன் நடந்த கொடுமை அது. ஆயினும், அந்த இரத்தக் கறை படிந்த நாற்காலியில்தான் அவர் அமர்ந்தார். அதை மறைத்துப் புகழ் பாட நாம் அரசவைப் புலவரல்ல.

வந்தது 1961 டிசம்பர். எல்லையிலே பெரும்படையாக இந்திய ராணுவம். சில்வாவிடம் இருந்ததோ மூவாயிரத்துச் சொச்சம் வீரர்கள். போர் விமானம் ஒன்றுகூட இல்லை. கோவாக் கடலைக் காக்க ஒரே ஒரு பழைய போர்க்கப்பல். அதற்குப் பெயர் அல்புகர்க்! பெயரிலே நானூறு ஆண்டுப் பெருமை, பீரங்கியிலே பலமில்லை.

லிஸ்பனிலிருந்து ஆணை பறந்து வந்தது. சரணாகதி கூடாது, சமரசப் பேச்சும் கூடாது, வெல்ல வேண்டும், இன்றேல் கடைசி வீரன்வரை மடிய வேண்டும். வெல்ல முடியாது என்பது சலசாருக்குத் தெரியாதா? தெரியும். அவருக்குத் தேவைப்பட்டது வெற்றியல்ல, பிணக் குவியல்! அதை உலகத்தின் முன் காட்டி ஒப்பாரி வைக்கத் திட்டம். சாகச் சொன்னவர் லிஸ்பனிலே. சாக வேண்டியவர்கள் கோவாவிலே, ஏழை வீட்டுப் பிள்ளைகள்!

டிசம்பர் 18 அன்று போர் மூண்டது. அல்புகர்க் கப்பல் அன்றே செயலிழந்து கரை தட்டியது. மறுநாள் மாலை, வாஸ்கோ நகரிலே, சில்வா சரணடைந்தார். 451 ஆண்டு ஆதிக்கம் ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முடிந்தது. இருதரப்பிலும் மாண்டோர் ஐம்பது பேர் அளவே. ஆயிரக்கணக்கான தாய்மார்களின் வயிற்றில் பால் வார்த்தது அந்தக் கையெழுத்து.

கிடைத்த பரிசு என்ன? கைதிகளாக இருந்த வீரர்கள் 1962 மே மாதம் நாடு திரும்பியபோது மாலையில்லை, மரியாதையில்லை. குற்றவாளிகளைப்போல் காவலுடன் வரவேற்றது லிஸ்பன். 1963ஆம் ஆண்டு சில்வாவைப் படையிலிருந்தே விரட்டினார் சலசார். உயிர்களைக் காத்தவருக்குக் கோழை என்ற பட்டம்!

காலம் சும்மா இருக்கவில்லை. 1974 ஏப்ரல் 25 அன்று போர்ச்சுகல் படையினரே கிளர்ந்தெழுந்து, சலசார் கட்டிய ஆட்சியைக் கவிழ்த்தனர். சில்வாவுக்குப் பறிபோன பதவி மீண்டது. 1980ஆம் ஆண்டு கோவாவுக்கு விருந்தினராக வந்தார். அந்த மக்கள் அன்புடன் வரவேற்றனர். 1985ஆம் ஆண்டு கண்மூடினார்.

அவர் கோவாவை விடுவித்தவரல்ல. விடுவிக்கப் போராடியவர்கள் வேறு. ஆதிக்கத்தின் ஊழியராகவே வந்தார். ஆனால், அறிவற்ற ஆணை வந்த வேளையிலே, தம் பட்டத்தையும் பதவியையும் ஒரு தட்டிலும், படைவீரர்களின் உயிரை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்த்தார். உயிர்த் தட்டே தாழ்ந்தது. பிறர் உயிரைப் பணயம் வைத்துப் பேசுவது வீரமல்ல. பிறர் உயிருக்காகத் தன் பெயரை இழக்கத் துணிவதே வீரம் என்போம் நாம்.