தாவும் முள்ளுக்குத் தாளம் கண்டவர்



சித்திரை மாத மத்தியான வெயிலில் நம்ம கரிசக்காட்டில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? கீழே நிலம் பாளம் பாளமாக வெடிச்சுக் கிடக்கும். மேலே ஒரு பருந்து, சிறகை அசைக்காமலே வட்டமடிச்சு வட்டமடிச்சு உயரே போய்க்கொண்டிருக்கும். கறுப்பு மண் வெயிலைக் குடித்துச் சூடாகிறது. சூடான காற்று மேலே கிளம்புகிறது. பருந்து அதில் ஏறிக்கொள்கிறது. அவ்வளவுதான் சங்கதி!

எஞ்சின் இல்லாத கிளைடர் விமானமும் இப்படித்தான் ஏறுகிறது. ஆனால் பருந்துக்கு உடம்பு சொல்வதை விமானிக்கு ஒரு கருவிதான் சொல்ல வேண்டும். அதன் பெயர் வேரியோமீட்டர். வெப்பம் தாக்காத ஒரு குடுவை, அதிலிருந்து வெளிக்காற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். விமானம் ஏறினால் வெளியே அழுத்தம் குறையும். குடுவைக் காற்று வெளியே ஓடும். முள் மேலே நகரும். 1920களின் கடைசியில் ராபர்ட் கிரான்ஃபெல்ட் இதைக் கிளைடரில் வைத்துப் பறந்து புகழ் பெற்றார்.

தொல்லை என்னவென்றால் முள் ஓரிடத்தில் நிற்காது! நொடிக்கு 4 மீட்டர் ஏற்றம் என்று காட்டும். உடனே 1 மீட்டர் இறக்கம். பிறகு 3 ஏற்றம், 2 ஏற்றம், 2 இறக்கம், 6 ஏற்றம் என்று குதிக்கும். எதை நம்புவது? ஆறையும் கூட்டி ஆறால் வகுத்தால் 2 மீட்டர் ஏற்றம். அதுதான் நிஜம். நாம் லேபில் ஆர்.சி. சர்க்யூட் போட்டுக் குதிக்கும் வோல்டேஜை அடக்குகிறோமே, அதே வேலை. ஆனால் ரொம்ப அடக்கினாலும் ஆபத்து. முள் மெதுவாக அசையும். அது சேதி சொல்வதற்குள் ஏறும் காற்றைத் தாண்டிப் போயிருப்போம்.

குதிக்கும் எண்களோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அவர் சர் கில்பர்ட் வாக்கர்.

1868ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் பிறந்தார். 1889ல் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் மாணவர். பூமராங் எறிவதிலும் அதன் கணக்கை ஆராய்வதிலும் பித்துப் பிடித்து அலைந்ததால் பூமராங் வாக்கர் என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. வானிலைப் படிப்பு எதுவும் படிக்காத இவர்தான் 1904ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவரானார்!

அது லேசான நாற்காலி அல்ல. தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். 1899ல் மறுபடியும் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அந்த ஆண்டின் முன்னறிவிப்பும் தப்பிப் போயிருந்தது. மழை வருமா, வராதா என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டிய பொறுப்பு வாக்கர் தலையில் விழுந்தது.

அவர் ஊகத்தை நம்பவில்லை. உலகமெங்கும் இருந்து அழுத்தம், வெப்பம், மழை அளவுகளைத் திரட்டினார். கம்ப்யூட்டர் ஏது? இந்திய எழுத்தர்கள் சிம்லாவில் உட்கார்ந்து கையாலேயே கணக்குப் போட்டார்கள். எது எதோடு சேர்ந்து ஏறுகிறது, இறங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். நூறு ஜோடிகளைத் தேடினால் ஒன்றிரண்டு தற்செயலாகவே பொருந்திவிடும் என்பதும் வாக்கருக்குத் தெரியும். அந்தப் பொய்ப் பொருத்தத்தைக் கண்டுபிடிக்க 1914லேயே ஒரு அளவுகோல் வகுத்தார்.

இடையில் நமக்கும் ஒரு நன்மை செய்தார். 1913 பிப்ரவரியில் சென்னை வந்தவரிடம் துறைமுக அலுவலக குமாஸ்தா ஒருவரின் கணக்குகளைக் காட்டினார்கள். பார்த்தவர் சும்மா இருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்தக் குமாஸ்தாதான் ராமானுஜன்!

பறவைகளையும் அவர் விடவில்லை. வெப்ப நாட்டுப் பறவைகள் சிறகடிக்காமல் பறப்பது பற்றி 1923ல் கட்டுரை எழுதினார். 1924ல் பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்ற பெரிய ஊசலாட்டத்துக்குத் தென் அலைவு என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு ஓய்வு பெற்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியரானார். 1931ல் அவர் விரிவாக்கிய யூல்-வாக்கர் சமன்பாடுகள், சிக்னல் பிராசசிங்கில் இன்றும் பயன்படுகின்றன.

ஆனால் எந்தக் கேள்விக்காக இந்தியா வந்தாரோ, அதற்கு நிச்சயமான விடை அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம் சொல்லாமல் எண்களை மட்டும் அடுக்குகிறார் என்று குறை சொன்னார்கள். 1958ல் மறைந்தார். 1969ல் பியர்க்னெஸ் என்ற அறிஞர் அந்த ஊசலாட்டத்தை எல் நினோவோடு இணைத்துக் காரணம் காட்டி, அந்தக் காற்றுச் சுழற்சிக்கு வாக்கர் பெயரையே வைத்தார். எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மெலியும். நமக்கு உயிரான ஐப்பசி, கார்த்திகை மழையோ பல சமயம் கூடும்.

எங்க அப்பா மானாவாரி விவசாயி. ஒரு வருஷம் புரட்டாசியில் விழுந்த முதல் மழையை நம்பி உளுந்து விதைத்தார். பிறகு பத்து நாள் காய்ச்சல். முளைத்தது கருகிப் போச்சு. மறுவருஷம் நல்லா நனையட்டும் என்று காத்திருந்தார். விதைப்பு பிந்தி, பூக்கிற நேரத்தில் மழை நின்னு போச்சு. முதல் வருஷம் முள்ளின் துள்ளலை நம்பினார்; அடுத்த வருஷம் முள் நிதானமாகும்வரை காத்திருந்து கோட்டை விட்டார். இரண்டிலும் போனது விதைநெல் கடன் மாதிரி வீட்டைப் பிடிக்கும் காசு.

இப்போது அப்பா ஒவ்வொரு மழையையும் தினசரிக் காலண்டர் தாளில் குறித்து வைக்கிறார். நான் அதை நோட்டில் ஏற்றிச் சராசரி போட்டு வருகிறேன். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இன்றே ஒரு நோட்டைத் தொடங்குங்கள். ஒரு நாள் கணக்கில் ஒன்றும் தெரியாது. பல வருஷக் கணக்கு பேசும்!