ஸர் தோராப்ஜி டாட்டாவின் அருந்தருமம்

உலகில் தனவந்தர் பலர். தனத்தைத் தருமத்துக்கு ஈந்தோர் சிலர். அச்சிலருள்ளும், தம் வாழ்நாளில் பயனைக் காணவொண்ணாத காரியத்துக்கு ஈந்தோர் மிகச் சிலரே. அன்னாருள் ஒருவரான ஸர் தோராப்ஜி டாட்டாவின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் மூத்த புதல்வராக 1859-ஆம் ஆண்டில் பம்பாயில் பிறந்தார். 1904-இல் தந்தையார் காலஞ்சென்றபோது, அவர் கருதிய பெருங்காரியங்கள் பல முற்றுப்பெறாதிருந்தன. அவற்றை முடித்தலே தம் கடனெனக் கொண்டார் தோராப்ஜி. 1907-இல் இரும்பு உருக்குக் கம்பெனி தோன்றிற்று. 1909-இல் பெங்களூர் விஞ்ஞான ஸ்தாபனம் உருவாயிற்று. 1924-இல் அக்கம்பெனி பணமுடையால் தத்தளித்த காலை, தம் சொந்த ஆஸ்தியை ஈடுவைத்து அதனைக் காத்தார்.

1898-இல் இவர் மணந்த மெஹர்பாய் அம்மையார், மாதர் முன்னேற்றத்துக்கு உழைத்த உத்தமி. இத்தம்பதிகளுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. 1931 ஜூன் மாதத்தில் அவ்வம்மையார் இரத்தப் புற்றுநோயால் உயிர்நீத்தார். பொருளிருந்தும் பயனில்லை, அந்நோய்க்கு அந்நாளில் மருந்தே இல்லை.

துயருற்ற தோராப்ஜி செய்தது யாது? மாளிகை எழுப்பினாரல்லர். 1932-இல் மனைவியார் பெயரால் ஒரு தரும நிதியை நிறுவினார். அதன் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு, எந்நாட்டவராயினும் இரத்தப் புற்றுநோயை ஆராய்வோர்க்கு. எஞ்சிய ஒரு பங்கு, நோய்த்துன்பம் தணிக்கும் ஆராய்ச்சிக்காக இந்தியருக்கு. ஜாதி, மதம், தேசம் என்னும் வரம்பு நோய்க்கு இல்லை. அவர் ஈகைக்கும் இல்லாதாயிற்று. அவ்வாண்டு ஜூன் 3-ஆம் நாள் ஜெர்மனியில் அவரும் மறைந்தார். இங்கிலாந்தில் மனைவியாரின் பக்கத்திலேயே அடக்கஞ் செய்யப்பெற்றார். பெருஞ்செல்வமனைத்தும் தருமத்துக்கே ஆயிற்று.

அந்நிதி இன்றும் இளம் ஆராய்ச்சியாளர்க்கு உதவி வருகின்றது. இதன் அருமையை நேயர்கள் சிந்திப்பாராக. பேர் பெற்ற பண்டிதருக்குப் பொருள் தானே வந்தடையும். பட்டம் பெற்றுப் புதிதாய் ஆராய்ச்சியிற் புகும் இளைஞனுக்கோ பேருமில்லை, ஊதியமுமில்லை. குடும்ப பாரத்தால் அவன் வேறு வேலை தேடிச் சென்றுவிடின், அவன் கண்டுபிடித்திருக்கக்கூடிய மருந்தும் அவனோடு போம். அது போயிற்றென்று அறிவாருமிலர்.

அன்னதானம் இன்றைய பசியைத் தீர்க்கும். இத்தானமோ நாளை பிறப்பார்தம் பிணியைத் தீர்க்க முயலும். நம் இல்லங்களில் இறந்தோர் பெயரால் அறஞ்செய்யுங்கால், கற்கும் இளைஞனையும் நாம் நினைவிற்கொள்வோமாக.