வட்டியைத் திருப்பி அனுப்பியவர்



இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் செல்வம் கொழித்தது. புறநகர்களில் புதிய வீடுகள் எழுந்தன. மோட்டார் வண்டியும் தொலைக்காட்சியும் சாதாரண குடும்பங்களுக்கும் எட்டின. ஆயினும் நியூயோர்க் நகரின் பௌவரிப் பகுதியில் வீடற்றோர் உணவுக்காக வரிசையில் நின்றனர். அவர்களோடு வாழ்ந்தவர் டொரத்தி டே.

1897இல் பிறந்த அவர் ஒரு பத்திரிகையாளர். இளமையில் சமயத்தைத் துறந்தவர்; கருக்கலைப்பின் வேதனையையும் சுமந்தவர். பின்னர் மகள் பிறந்த மகிழ்ச்சியே அவரை இறைவனிடம் அழைத்து வந்தது. 1927இல் கத்தோலிக்கரானார்; அதற்காகத் தாம் நேசித்த துணைவரைப் பிரிய நேர்ந்தது. பொருளாதார மந்தத்தால் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வேலையற்றிருந்த 1933இல், பீற்றர் மொரினுடன் இணைந்து 'கத்தோலிக்கத் தொழிலாளி' என்னும் ஏட்டை ஒரு சத விலையில் வெளியிட்டார். ஏழைகளுக்கு விருந்தோம்பல் இல்லங்களும் எழுந்தன.

சுரங்க ரயில் பாதைக்காக நகர நிர்வாகம் அவ்வில்லங்களுள் ஒன்றைச் சுவீகரித்தது. இழப்பீடு தாமதித்தமையால் 3,579 டொலர் வட்டியும் சேர்ந்து வந்தது. 1960இல் அவர் அவ்வட்டியைத் திருப்பி அனுப்பினார். உழைப்பின்றிப் பணத்தால் பணம் பெருக்குவது நற்செய்திக்கு ஒவ்வாது என்பது அவரது துணிபு. அடுத்த வேளை உணவுக்கே நன்கொடையை நம்பியிருந்தவர் அவர்!

1980இல் மறைந்த அவருக்கான புனிதர்பட்டப் பணிகள் 2000இல் ஆரம்பமாயின.

அன்புக்குரியவர்களே, வளம் பெருகும்போது வாசலில் கிடக்கும் இலாசர் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறார். நம் கைக்கு வரும் பணம் எவருடைய வியர்வை என்று இவ்வாரம் நம்மையே கேட்போமா?